ஊதாரித்தனமா? ஊதியக் குறைவா?
இளையோரும் சேமிப்பும் பற்றி ஒரு சிந்தனை

கிராமத்துக் கூட்டங்களில் சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியாது. கையிலே போன், காலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள். பிறகு எங்கே மிச்சம் பிடிக்கிறது?” என்பது முதியோரின் குரல். “உழைக்கிறது சாப்பாட்டுக்கே காணாது. இதிலே எதை மிச்சம் பிடிக்கிறது?” என்பது இளையோரின் குரல். இரு சாராரும் தத்தம் நியாயத்தைக் கூறிவிட்டு எழுந்து செல்கின்றனர். சேமிப்புப் புத்தகம் வெறுமையாகவே இருக்கின்றது.

எமது இளைஞர் யுவதிகள் பெரும்பாலானோர் இருபத்தைந்து, முப்பது வயதை எட்டியும் ஓர் அவசரத்துக்கு எடுக்கக்கூடிய பணத்தைக் கையில் வைத்திருக்காததற்குக் காரணம் என்ன? அவர்களின் ஊதாரித்தனமா, அல்லது ஊதியக் குறைவா? இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவ்விரண்டையும் விட ஆழமான மூன்றாவது காரணம் ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதனைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் சிக்கனப் பிரசங்கம் எதுவும் பயன் தரப்போவதில்லை.

விலை குறைந்துவிட்டதா?

முதலில் விலைவாசியை நோக்குவோம். 2022ஆம் ஆண்டு எமது நாடு கண்ட பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் அது 360 ரூபா வரை சென்றது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலையேற்றம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் அது 94.9 சதவீதம்.

இந்த எண்களின் பொருளைச் சாதாரண மொழியில் கூறுவதானால், 2021 செப்டம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை ஓராண்டு கழித்து வாங்க ஏறத்தாழ 170 ரூபா தேவைப்பட்டது. ஒரு யுவதி ஆடைத் தொழிற்சாலையில் நின்ற நிலையில் உழைத்து, ஓர் இலட்சம் ரூபாவைச் சேர்த்து வங்கியில் வைத்திருந்தாள் என்று கொள்வோம். ஓராண்டின் பின்னரும் புத்தகத்தில் அந்த இலட்சம் இருந்தது; வட்டியும் சிறிது சேர்ந்திருந்தது. ஆனால் அந்த இலட்சத்தின் கொள்வனவுச் சக்தி 59 ஆயிரம் ரூபாவுக்குச் சமமாகிவிட்டது. அவள் ஒரு சதத்தையும் வீண்செலவு செய்யவில்லை. ஆயினும் அவளுடைய உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்து போயிற்று.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விலையேற்றம் பத்துச் சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 2024 செப்டம்பர் தொடக்கம் சில மாதங்கள் பொது விலைமட்டம் முந்திய ஆண்டை விடச் சற்றுக் குறைந்தும் காணப்பட்டது. இதைக் கேள்வியுற்ற பலர் “அப்படியானால் எல்லாம் மலிந்துவிட்டதுதானே?” என்று கேட்கின்றனர். இங்கே ஒரு மயக்கம் உண்டு. மாமரத்தில் ஏறுகின்ற ஒருவன் ஏறுவதை நிறுத்திவிட்டான் என்பதற்காக அவன் நிலத்துக்கு இறங்கிவிட்டான் என்று கூற முடியாது. விலைகள் ஏறிய கொப்பிலேயே இருக்கின்றன.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதத்தாலும் கூட்டப்பட்டது. பின்னர் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. கடற்றொழிலாளர் தமது இயந்திரப் படகுகளுக்குப் பயன்படுத்தும் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாயிற்று. கோடீஸ்வரனும் கூலித் தொழிலாளியும் கடையில் ஒரே பொருளுக்கு ஒரே அளவு வரியையே கட்டுகின்றனர். இவற்றின் விளைவை உலக வங்கியின் மதிப்பீடு காட்டுகின்றது. 2019இல் 11.3 சதவீதமாக இருந்த வறுமை 2023இல் 25.9 சதவீதமாக இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஆகவே, “காணாது” என்று கூறும் இளைஞன் பொய் சொல்லவில்லை. சட்டப்படியான தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் அதை வாங்கும் பிள்ளை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக வீட்டுக்குக் கொண்டுவருவது எவ்வளவு என்பதைத் தாய்மாரிடம் கேட்டால் தெரியும். அந்தத் தொகையையேனும் காணாத முன்பள்ளி ஆசிரியைகளும் கடைச் சிப்பந்திகளும் எமது ஊர்களில் நிறைய உள்ளனர்.

ஓர் இளைஞனின் கணக்கு

விலைவாசி மட்டுமே காரணமாயின், சம்பளம் உயரும்போது சேமிப்பும் உயர வேண்டும். ஆனால் நல்ல நாட்கூலி பெறும் மேசன், தச்சன், மீனவன் போன்றோரிடமும் சேமிப்பு இல்லையே! ஏன்? இதனை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக இடப்பட்டவை. வாசகர்கள் தமது ஊர் நிலைக்கேற்ப அவற்றை மாற்றிப் பார்க்கலாம்.

கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞன் நாளொன்றுக்கு 3,000 ரூபா உழைக்கிறான். வெயில் மாதங்கள் எட்டிலும் மாதம் 18 நாள் வேலை கிடைக்கின்றது; மாத வருமானம் 54,000 ரூபா. மாரி மாதங்கள் நான்கிலும் ஏழு நாள்தான் வேலை. வருமானம் 21,000 ரூபா. வீட்டுக்கு அவன் கொடுக்க வேண்டியது மாதம் 41,000 ரூபா.

ஆண்டு முழுவதுக்குமான வருமானம் 5,16,000 ரூபா. செலவு 4,92,000 ரூபா. மிச்சம் 24,000 ரூபா. கடதாசியில் பார்த்தால் அவன் ஆண்டுக்கு 24,000 ரூபா சேமிக்கலாம்.

ஆனால் வயிறு ஆண்டுக் கணக்கில் பசிப்பதில்லை. வெயில் மாதமொன்றில் அவன் கையில் 13,000 ரூபா மிஞ்சுகின்றது. அந்த மிச்சத்துக்கு வாசலில் ஆயிரம் தேவைகள் காத்திருக்கின்றன. கூரைத் தகடு, தங்கையின் படிப்பு, நண்பனுக்குக் கைமாற்று, சில வேளைகளில் ஒரு புதிய போன். மாரி பிறக்கும்போது கையில் ஒன்றுமில்லை. அந்த நான்கு மாதங்களிலும் மாதம் 20,000 ரூபா வீதம் 80,000 ரூபா துண்டுவிழுகின்றது. அதைக் கடனாக எடுக்கின்றான். ஆண்டுக்கு 24 சதவீத நேர்வட்டியில் எடுத்தால், ஒரு வருடத்துக்கு வட்டி மட்டும் 19,200 ரூபா.

இப்போது கணக்கை மீண்டும் பாருங்கள். ஆண்டின் மிச்சம் 24,000 ரூபா. வட்டி 19,200 ரூபா. எஞ்சுவது 4,800 ரூபா. ஒரு காய்ச்சல், ஒரு கலியாண வீடு வந்தால் அதுவும் போய்விடும். அதுமட்டுமன்று, முதலும் வட்டியுமாக மாதம் 8,267 ரூபா தவணை கட்ட வேண்டியிருப்பதால் வெயில் மாதத்து மிச்சத்தின் பெரும்பகுதி கைக்கு வரும் முன்பே போய்விடுகின்றது. அடுத்த மாரிக்கு அவன் மீண்டும் கடன் வாசலில் நிற்பான். இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவனை “ஊதாரி” என்று அழைப்பது எவ்வளவு எளிது!

மேலே கூறிய மூன்றாவது காரணம் இதுவே. எமது இளையோரின் வருமானம் குறைவானது என்பதைவிட, அது ஒழுங்கற்றது என்பதே பெரிய சிக்கல். செலவு மாதந்தோறும் ஒரே சீராக வருகின்றது. வருமானமோ மழையையும் காற்றையும் மீன்பாட்டையும் அறுவடையையும் பார்த்து வருகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதிலேயே ஒருவரின் வாழ்வு தங்கியுள்ளது. சொந்தச் சேமிப்பால் நிரப்பினால் அவர் தலைநிமிர்கின்றார். கடனால் நிரப்பினால் வட்டி அவரை விழுங்கிவிடுகின்றது.

தவணை என்னும் கண்ணுக்குத் தெரியாத சம்பளக் குறைப்பு

முன்பு கடன் என்றால் ஊரிலுள்ள வட்டிக்காரரைத் தேடிப் போக வேண்டும். இன்று கடன் எங்களைத் தேடி வீட்டு வாசலுக்கு வருகின்றது. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நிதிக் கம்பனிகள் கிராமம் கிராமமாக நுழைந்தன. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கு ஒருவர் பிணையாக நிறுத்தி, கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடன் முறை பரவியது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்த குடும்பங்களின் துயரம் நாடறிந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்கள் சிலவற்றைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்ததும், அதே ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீதம் என உச்ச எல்லை விதித்ததும் இந்த நெருக்கடியின் ஆழத்தைக் காட்டுகின்றன. தாய் எடுத்த அக்கடன்களை இன்று பல வீடுகளில் கட்டிக்கொண்டிருப்பது வேலைக்குப் போகத் தொடங்கிய மகனும் மகளுமே.

இத்துடன் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்குமான லீசிங், கைத்தொலைபேசிக்கான மாதத் தவணை, அண்மைக்காலமாகத் தொலைபேசியினூடாகவே சில நிமிடங்களில் கிடைக்கும் குறுங்காலக் கடன் என்பன சேர்ந்துள்ளன. மோட்டார் சைக்கிளை ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பஸ் நேரத்துக்கு வராத ஊரில் வேலைக்குப் போக அது தேவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய இளைஞர்கள் பாவித்த வண்டியையே அதிக விலை கொடுத்து வாங்க நேர்ந்தது.

ஒவ்வோர் இளைஞனும் யுவதியும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. “24 சதவீத நேர்வட்டி” என்று கூறப்படும்போது அது உண்மையில் 24 சதவீதம் அன்று. மேற்கூறிய 80,000 ரூபாக் கடனில் ஆறு மாதம் முடியும்போது ஏறத்தாழ அரைவாசி முதலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் வட்டியோ கடைசி மாதம் வரை முழு 80,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டுள்ளது. எம்மிடம் இல்லாத பணத்துக்கும் நாம் வட்டி கட்டுகின்றோம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிட்டால், இக்கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். கடன் எடுக்கும்போது “மாதம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்கும் பழக்கத்தைக் கைவிட்டு, “மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? வட்டி குறைந்து செல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?” என்று கேட்கப் பழக வேண்டும். இந்த இரண்டு கேள்விகளே ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான ரூபாவை மிச்சப்படுத்தும்.

கடமையும் கௌரவமும்

எமது சமூகத்தில் இளையோரின் பணம் அவர்களுடையது மட்டுமன்று. மூத்த பிள்ளையின் சம்பளத்தில் தம்பியின் படிப்பும் தங்கையின் சீதனமும் தகப்பனின் மருந்தும் அடங்கியுள்ளன. இது எமது பண்பாட்டின் பெருமை. இதைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. உண்மையில், வயோதிபத்தில் ஓய்வூதியமற்ற பெற்றோருக்குப் பிள்ளைகளே சேமிப்பு. ஆயினும், ஒரு தலைமுறை சேமிக்க முடியாமற் போனால் அடுத்த தலைமுறையும் தன் பிள்ளைகளின் கையையே எதிர்பார்க்க வேண்டிவரும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடமை வேறு, கௌரவச் செலவு வேறு. பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியச் சடங்கு, கலியாணம், செத்தவீட்டின் 31ஆம் நாள் என எல்லாமே இன்று மண்டபமும் வீடியோவும் அச்சடித்த பதாகையுமாக மாறிவிட்டன. “அவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்கள் இப்படிச் செய்யாவிட்டால் சனம் என்ன சொல்லும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே பல வீடுகளில் நகை அடைவு வைக்கப்படுகின்றது. வெளிநாட்டில் வாழும் உறவினர் அனுப்பும் பணத்தில் ஒரு வீடு நடத்தும் விழா, அப்படியான உறவினர் இல்லாத பக்கத்து வீட்டுக்கும் அளவுகோலாகிவிடுகின்றது. இதிலே இளையோரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. இந்த விழாக்களை நடத்துவது மூத்தவர்களாகிய நாமே.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பின்னர் வன்னியில் இடத்துக்கிடம் ஓடியபோதும் கூட வந்தது கழுத்திலிருந்த சங்கிலியே. பொன்னில் எமது மக்கள் வைத்துள்ள நம்பிக்கை அனுபவத்தால் விளைந்தது. 2022இல் ரூபா வீழ்ந்தபோதும் பொன் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் 2025இல் ஒரு பவுணின் விலை மூன்று இலட்சம் ரூபாவைக் கடந்துவிட்டது. நாட்கூலி உழைக்கும் ஒருவருக்கு இன்று பொன் சேமிப்பின் முதற்படியாக இருக்க முடியாது. பெற்றோரின் தலைமுறைக்குத் திறந்திருந்த கதவு பிள்ளைகளுக்கு மூடிக்கிடக்கின்றது. இதை உணராமல் “நாங்கள் உன் வயதில் ஐந்து பவுண் சேர்த்தோம்” என்று கூறுவதால் பயனில்லை.

சேமிக்க வழி தெரியாத பலர் இறுதியில் காண்பது வெளிநாட்டுப் பயணத்தை. 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். அப்பயணத்துக்கான பணமும் பெரும்பாலும் காணி ஈட்டிலிருந்தும் நகை அடைவிலிருந்துமே வருகின்றது. போன பிள்ளை முதலில் உழைப்பது அந்தக் கடனுக்கே.

என்ன செய்யலாம்?

விலைவாசியையும் வரியையும் நாம் தனியாக மாற்ற முடியாது. அவை பற்றிய நீதியான கொள்கைகளைக் கேட்பது எமது உரிமை. அதேவேளை, எமது கிராமங்களில் எமது கையிலேயே உள்ள சில வழிகளும் உண்டு.

1. மாரிக்காகச் சேமித்தல். “எதிர்காலத்துக்குச் சேமியுங்கள்” என்று கூறினால் இருபது வயதினருக்கு அது தொலைவான பேச்சு. “வரும் மாரிக்குச் சேமியுங்கள்” என்று கூறினால் அது விளங்கும். எம் முன்னோர் காலபோக நெல்லை அடுத்த அறுவடை வரை அளந்து வைத்தனர். வெயிலில் ஒடியலையும் கருவாட்டையும் காயவைத்து மாரிக்கு எடுத்தனர். அந்த அறிவையே பணத்துக்கும் பயன்படுத்த வேண்டும். மேலே கண்ட இளைஞன் வெயில் மாதங்கள் எட்டிலும் மாதம் 10,000 ரூபா, அதாவது வேலைநாளொன்றுக்கு ஏறத்தாழ 555 ரூபா, ஒதுக்கினால் 80,000 ரூபா சேரும். அவன் கடனெடுக்கத் தேவையில்லை. அவனுடைய முதலாவது இலாபம் வங்கி தரும் வட்டியன்று. கட்டாமல் தப்பிய 19,200 ரூபாவே. முதலாண்டிலேயே முழுத் தொகையும் சேராது. ஒரு மாரி மாதத்துக்குரிய 20,000 ரூபா சேர்ந்தாலும் கடன் காற்பங்கு குறையும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, கையில் சிறு தொகையேனும் வைத்திருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கண்ணால் கண்டோம்.

2. தனியாக அன்றி, கூட்டாகச் சேமித்தல். தனியொருவனின் மன உறுதி மாதக் கடைசியில் தளர்ந்துவிடும். சீட்டுப் பிடிப்பது எமது மக்களிடையே நிலைத்திருப்பதற்குக் காரணம், கட்டாவிட்டால் மற்றவர்களின் முகத்தில் விழிக்க முடியாது என்பதே. ஆனால் சீட்டு நடத்துபவர் தலைமறைவானால் முறையிட எழுத்தில் ஒன்றும் இராது. சீட்டின் ஒழுங்கும் சட்டத்தின் பாதுகாப்பும் சேர்ந்த அமைப்பே சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் முதல் இதற்கு வரலாறு உண்டு. 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய முன்னின்று இச்சங்கங்களுக்குப் புத்துயிரளித்து, சணச என்னும் நாடளாவிய இயக்கமாக வளர்த்தார். எமது ஊர்களில் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட சங்கங்கள் பல உள்ளன. அவற்றில் முதியோர் மட்டுமே அங்கத்தவர்கள். இளையோரை அங்கத்தவராக்குவதோடு நிர்வாகத்திலும் அமர்த்தினால், உறுப்பினரின் சேமிப்பே உறுப்பினருக்குக் கடனாகும். வட்டியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

3. சேமலாப நிதியைக் கேட்டுப் பெறுதல். சம்பளத்துக்கு உழைக்கும் இளையோரின் மிகப் பெரிய சேமிப்பு எது? 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட ஊழியர் சேமலாப நிதியே. ஊழியரின் பங்கு 8 சதவீதம், தொழில் கொள்வோரின் பங்கு 12 சதவீதம். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு மாதம் 6,000 ரூபா சேரும். அதில் 3,600 ரூபா தொழில் கொள்வோர் தருவது. ஆண்டுக்கு 72,000 ரூபா! இதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில் கொள்வோர் கட்ட வேண்டும். தற்காலிக ஊழியர், நாட்சம்பளம் பெறுவோர், துண்டு வேலை செய்வோர் ஆகியோரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவர்களே. ஓர் ஊழியர் மட்டும் உள்ள கடைக்கும் அது பொருந்தும். வீட்டு வேலை போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன. பத்து ஆண்டுகள் பங்களித்து மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியைக் கொண்டோர் வீட்டுக்காக அல்லது மருத்துவத்துக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். “பெயர் பதிந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள்” என்று அஞ்சித் தாமே வேண்டாம் என்று சொல்லும் இளையோரும் உளர். 2,400 ரூபா வெட்டுக்கு அஞ்சி 3,600 ரூபாவையும் இழக்கின்றனர். தமக்குப் பணம் கட்டப்படுகின்றதா என்பதைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். கட்டப்படாவிடின் அங்கேயே முறையிடலாம்.

4. பாதுகாப்பான இடத்தில் வைத்தல். அதிக வட்டி தருவதாகக் கூறும் பதிவற்ற நிறுவனங்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தோர் பலர். 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சேமிப்பு வங்கியில் வைப்புகளுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகின்றது. ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதோர் வங்கியில் வெளிப்படுத்தல் படிவமொன்றைக் கொடுத்து இப்பிடித்தத்தைத் தவிர்க்கலாம். எமது இளையோரில் மிகப் பெரும்பாலானோர் இதற்கு உரியவர்கள்.

5. ஊராகக் கூடி விழாக்களை எளிமையாக்குதல். ஒரு குடும்பம் தனியாக எளிமையைக் கடைப்பிடித்தால் “கஞ்சத்தனம்” என்பார்கள். பங்குச் சபை, கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் என்பன ஒன்றுகூடி ஓர் எல்லையை வகுத்தால் அது ஊரின் ஒழுங்காகிவிடும். வசதியுள்ளவர்கள் முதலில் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். அப்போதுதான் வசதியற்றவர்கள் தலைகுனியாமல் அதைப் பின்பற்றுவர்.

முடிவாக

ஒக்டோபர் 31ஆம் திகதி உலக சிக்கன தினத்தை ஒட்டிப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, “சிறு துளி பெருவெள்ளம்” என்று கற்பிக்கிறோம். நல்ல பாடமே. ஆயினும் துளி விழும் பாத்திரத்தின் அடியில் ஓட்டை இருப்பின் வெள்ளம் எப்படி வரும்? அறாவட்டியும் கட்டப்படாத சேமலாப நிதியும் கௌரவச் செலவும் அந்த ஓட்டைகள். அவற்றை அடைப்பது இளைஞனின் தனிப் பொறுப்பன்று. அது குடும்பத்தினதும் ஊரினதும் தொழில் கொள்வோரினதும் அரசினதும் பொறுப்பாகும்.

சேமிப்பு என்பது பணக்காரராகும் வழி என்று இளையோருக்குக் கூற வேண்டாம். அநீதியான சம்பளத்துக்கு “முடியாது” என்று சொல்லவும், வட்டிக்காரர் வாசலுக்கு வரும்போது “வேண்டாம்” என்று சொல்லவும், விரும்பினால் மட்டும் வெளிநாடு போகவும் ஒருவருக்குத் துணிவு தருவது கையிலுள்ள அந்தச் சிறு தொகையே. அந்தத் துணிவை எமது பிள்ளைகளுக்குப் பெற்றுக் கொடுப்போமாக.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது ஊரில் எந்த மாதங்களில் வருமானம் குறைகின்றது? அம்மாதங்களில் குடும்பங்கள் எங்கே கடன் பெறுகின்றன?

2. எமது குழுவிலுள்ளோர் இப்போது கட்டும் கடன்களுக்கு மொத்தமாகத் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? அதில் வட்டி எவ்வளவு?

3. வேலைக்குச் செல்லும் எமது இளையோரில் எத்தனை பேருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகின்றது?

4. விழாக்களில் நாம் எல்லோரும் சேர்ந்து கைவிடக்கூடிய செலவுகள் எவை?